ஏழாவது வாரத்தில் ஒரு விசாரிப்பு

(மேல்சித்தாமூரில் நடந்த ஆசிரியர் – முன்னாள் மாணவர் சந்திப்பில் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமையாசிரியர் பெருமக்களே, தொடக்கப் பள்ளியிலிருந்து மேல்நிலைப் பள்ளிவரை பணியாற்றும் ஆசிரிய நண்பர்களே, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் கல்லூரிப் பிள்ளைகளே!

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, ‘வேலை நெருக்கும் செமஸ்டரில் ஊக்கம் குறையாமல் படிப்பது எப்படி?’ என்பது. ‘இது கல்லூரிப் பேராசிரியர் பேச வேண்டிய தலைப்பாயிற்றே, பள்ளி ஆசிரியருக்கு இதில் என்ன வேலை?’ என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நமக்கும் இதில் வேலை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பிளஸ் டூ முடிவு வந்ததும் பள்ளி வாசலில் தேர்ச்சி விழுக்காட்டை எழுதி வைக்கிறோம். ‘கல்லூரிக் கனவு’, ‘உயர்வுக்குப் படி’ போன்ற நிகழ்ச்சிகள் மூலம் விண்ணப்பிக்க வைக்கிறோம். சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு இ-சேவை மையம் வரை துணைக்குப் போகிற ஆசிரியர்கள் இங்கேயே இருக்கிறார்கள். கல்லூரியில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையைத் தளத்தில் ஏற்றியதும் நம் கணக்கு முடிந்துவிடுகிறது. சேர்ந்த பிள்ளை அடுத்த ஆண்டும் அந்த வகுப்பில் இருக்கிறதா என்று நம்மை யாரும் கேட்பதில்லை.

மத்திய கல்வி அமைச்சகத்தின் 2021–22ஆம் ஆண்டு உயர்கல்வி ஆய்வின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. இந்தியச் சராசரி 28.4 விழுக்காடு. இதில் நமக்குப் பெருமை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் வந்தன. தொழிற்கல்விப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு இடம் இருக்கிறது. கல்லூரிக் கதவு முன்பைவிட அகலமாகத் திறந்திருக்கிறது. ஆனால், உள்ளே போன பிள்ளை மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு நின்று படித்து வெளியே வர வேண்டுமே! சேர்க்கை விகிதம் அதைச் சொல்லாது.

இந்தப் பகுதிப் பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். செஞ்சிக்கோ திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ நாள்தோறும் பஸ் ஏறுகிறவர்கள் பாதி. சென்னையிலும் புதுச்சேரியிலும் விடுதியிலோ அறை எடுத்தோ தங்கியிருப்பவர்கள் மீதி. பெரும்பாலோர் அவரவர் வீட்டின் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள். வீட்டில் பெரியவர்களுக்கு அன்பு இருக்கிறது, ஆசை இருக்கிறது. ஆனால் ‘இன்டர்னல்’ என்றால் என்ன, ‘அரியர்’ எப்படி விழுகிறது என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

ஒரு செமஸ்டர் என்பது ஏறத்தாழ 90 வேலை நாள். வாரம் ஆறு நாள் என்றால் 15 வாரம். முதல் மூன்று வாரம் புது இடம், புது நோட்டு, புது நண்பர்கள் என்று ஓடிவிடும். நான்காவது வாரத்தில் பாடம் வேகம் எடுக்கும். ஆறிலிருந்து எட்டாவது வாரத்துக்குள் முதல் இன்டர்னல், அசைன்மென்ட், செமினார், லேப் ரெக்கார்டு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். அதே நேரத்தில் முதல் இன்டர்னல் மதிப்பெண்ணும் கைக்கு வரும். பள்ளியில் 80, 90 வாங்கிய பிள்ளை, தாளில் 25க்கு 9 என்று பார்க்கும். ‘இந்தப் படிப்பு நமக்கு ஒத்துவராது’ என்ற எண்ணம் முதன்முதலில் மனத்துக்குள் நுழைவது அப்போதுதான். இதை நான் ஏழாவது வாரம் என்று சொல்கிறேன். ஒவ்வொருவருக்கும் ஒரு வாரம் முன்னே பின்னே இருக்கலாம்.

நாள்தோறும் ஊரிலிருந்து போகிற பிள்ளைக்குப் போக வர மூன்று மணி நேரம் ஆகிறது என்று வையுங்கள். வாரத்துக்கு 18 மணி நேரம். 15 வாரத்துக்கு 270 மணி நேரம். அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும், தம்பி தங்கையைப் பார்க்கவும் வேண்டியிருக்கும். மானாவாரி மல்லாட்டை பிடுங்குகிற நாட்களும் இன்டர்னல் நாட்களும் பல ஆண்டுகளில் ஒன்றாகவே வந்து விழுகின்றன. இந்தப் பிள்ளையிடம் போய் ‘உனக்கு ஊக்கம் போதாது’ என்று எப்படிச் சொல்வது?

ஊக்கம் என்பதை நாம் பெரும்பாலும் ஓர் உணர்ச்சியாகவே நினைக்கிறோம். நல்ல பேச்சு ஒன்றைக் கேட்டால் வரும், இரண்டு நாளில் போய்விடும். எட்வர்டு டெசி, ரிச்சர்டு ரயன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஊக்கத்தைப் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர்கள். அவர்கள் சொல்வதன் சாரம் இது: ஒருவருக்கு உள்ளிருந்து ஊக்கம் வர மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும். ‘இதை நான் விரும்பித் தேர்ந்தேன்’ என்ற எண்ணம் ஒன்று. ‘என்னால் இதைச் செய்ய முடிகிறது’ என்ற அனுபவம் இரண்டாவது. ‘இங்கே எனக்கு ஆள் இருக்கிறார்கள்’ என்ற உறவு மூன்றாவது.

இந்த மூன்றையும் நம் பிள்ளையின் ஏழாவது வாரத்தோடு பொருத்திப் பாருங்கள். கேட்ட பாடப்பிரிவு கிடைக்காமல் கலந்தாய்வில் கிடைத்ததில் சேர்ந்திருக்கும். முதல் தேவை அங்கே அடிபடுகிறது. தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் பாடம் கேட்கும். இரண்டாவது தேவை அடிபடுகிறது. நூற்றுக்கணக்கான முகங்களுக்கு நடுவில் பெயர் சொல்லி அழைக்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். மூன்றாவதும் போய்விடுகிறது. அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. இந்த மூன்றையும் சிறிது சிறிதாக மீட்டுக்கொடுக்க முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

கல்லூரிப் பிள்ளைகளே, இப்போது உங்களிடம் கொஞ்சம் பேசுகிறேன். நீங்களே செய்துகொள்ளக்கூடியவை நான்கைந்து இருக்கின்றன.

முதலாவது, செமஸ்டர் முழுவதையும் ஒரே தாளில் எழுதுங்கள். 15 வாரத்துக்கு 15 கட்டம். இன்டர்னல் தேதி, அசைன்மென்ட் தேதி, ரெக்கார்டில் கையெழுத்து வாங்க வேண்டிய நாள் எல்லாவற்றையும் அதில் குறியுங்கள். வீட்டு வேலையையும் குறியுங்கள். எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போகிறார். அவர் தன் தாளில் முதலில் குறிப்பது ஆவணி, தை மாத முகூர்த்த நாட்களைத்தான். ‘அன்னைக்குப் படிக்க முடியாதுன்னு முன்னாடியே தெரிஞ்சா, அதுக்கு முந்தின நாளே முடிச்சிடுவேன் சார்’ என்றார். இருக்கிற நிலைமையை மறைக்காமல் போட்ட திட்டம் அது. காலை நான்கு மணிக்கு எழுந்து ஆறு மணி நேரம் படிப்பேன் என்று போடும் திட்டம் மூன்றாம் நாள் உடையும். உடைந்ததும் திட்டத்தோடு சேர்த்து நம்மையே நாம் வெறுக்கத் தொடங்குவோம்.

இரண்டாவது, ‘நிறையப் படிக்கணும்’ என்று முடிவெடுக்காதீர்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில், எதை என்று முடிவெடுங்கள். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் அவருடன் பணியாற்றியவரும் 1997இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையைக் கழித்த விதம் பற்றி 48 மணி நேரத்துக்குள் ஓர் அறிக்கை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் சொன்னார்கள். விடுமுறை நேரம், யாருக்கு எழுத மனம் வரும்? ஒரு பகுதியினரிடம் மட்டும், ‘எங்கே உட்கார்ந்து, எப்போது எழுதுவீர்கள்?’ என்று முன்கூட்டியே குறித்துத் தரச் சொன்னார்கள். குறித்துத் தந்தவர்களில் உரிய காலத்தில் எழுதியவர்களின் விகிதம் மற்றவர்களைவிட இருமடங்குக்கும் மேல். எல்லோருக்கும் ஆசை ஒன்றுதான். இடமும் நேரமும் குறித்ததால் வந்த வேறுபாடு அது. ஆகவே, ‘மதியச் சாப்பாடு முடிந்ததும் நூலகத்தில் உட்கார்ந்து, அன்று காலை நடந்த பாடத்தில் ஒரு பக்கம்’ என்று குறியுங்கள். ‘பஸ்ஸில் இடம் கிடைத்தால் சொற்பட்டியல், நின்றுகொண்டு வந்தால் காதில் பாட ஒலிப்பதிவு’ என்று குறியுங்கள். அந்த 270 மணி நேரத்தில் கால்பங்கு கைக்கு வந்தாலும் 67 மணி நேரம் ஆயிற்று.

மூன்றாவது, படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினர் ஒரு பத்தியை நான்கு தடவை படித்தார்கள். இன்னொரு குழுவினர் ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, அவர்களுக்கு நினைவிருந்தது 40 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு. தேர்வுக்கு முந்தைய இரவு முழுக்கக் கண் விழித்துப் படித்தால், அந்த நேரத்துக்கு எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பி ஏமாற வேண்டாம். மூடிவிட்டு எழுதும்போது பாதி வராது, எரிச்சலாகத்தான் இருக்கும். எது வரவில்லை என்று தெரிந்துகொள்வதே அன்றைய வேலை. போன வாரம் வராத ஒன்று இந்த வாரம் வரும்போது ‘என்னால் முடிகிறது’ என்பதற்கு உங்கள் கையிலேயே சாட்சி கிடைக்கிறது. ஊக்கம் அங்கிருந்து வரும்.

நான்காவது, அரியர் விழுந்துவிட்டால் அதை மறைக்காதீர்கள். அரியர் என்பது எழுத வேண்டிய ஒரு தாள், அவ்வளவுதான். அதை மறைக்கிற பிள்ளை அந்தப் பாடத்தின் ஆசிரியரைக் கண்டால் ஒதுங்கிப் போகிறது, பிறகு அந்த வகுப்பையே தவிர்க்கிறது, பிறகு வருகைப்பதிவு குறைகிறது. பெரும்பாலான கல்லூரிகளில் 75 விழுக்காடு வருகை வேண்டும். 90 நாளில் 22 நாளுக்கு மேல் விட்டால் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும். படிப்பு நிற்பது பெரும்பாலும் இப்படிப் படிப்படியாகத்தான். முதல் படியிலேயே ஒருவரிடம் சொல்லிவிட்டால் அடுத்த படி இறங்க வேண்டியதில்லை.

ஐந்தாவது, விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. நம் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. செமஸ்டர் தேர்வு நேரம் அது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த இடங்களில் அரிசி, துணிமணியோடு பிள்ளைகளின் நோட்டுகளும் நனைந்தன. அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நம் பழைய மாணவியர் சிலர் என்ன செய்தார்கள் தெரியுமா? யாருடைய நோட்டு நனையவில்லையோ அவரிடமிருந்து கைப்பேசியில் படம் எடுத்து வாங்கி, ஆளுக்கு ஓர் அலகு என்று பிரித்து எழுதிக்கொண்டார்கள். ‘போன பத்து நாளையும் சேர்த்துப் பிடிக்கணும்னு நினைச்சா தலை சுத்துது சார். இன்னைக்கு ஒரு அலகுன்னு வெச்சுக்கிட்டோம்’ என்றார் ஒருவர். புயல் வராத செமஸ்டரிலும் இது பொருந்தும். காய்ச்சல் வரும், வீட்டில் துக்கம் வரும். விட்ட நாட்களை வட்டியோடு கட்ட முயல வேண்டாம். இன்றைய பாடத்தை இன்று படித்துவிட்டு, பழையதில் நாளுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் போதும்.

இதற்கெல்லாம் முன்னுதாரணம் வெளிநாட்டு ஆய்வுகளில்தான் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். நாம் கூடியிருக்கும் மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இருக்கும் ஊர். சமணப் பெருங்காப்பியமான சீவக சிந்தாமணியை உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த கதை தமிழாசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். அதை இன்றைய தலைப்போடு சேர்த்துப் பாருங்கள்.

1880ஆம் ஆண்டில் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்கிறார். வயது 25. அதே ஆண்டு அக்டோபரில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கிறார். தாம் படித்த நூல்களின் பட்டியலை ஐயர் சொல்லச் சொல்ல, முதலியார் அசரவில்லை. சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். படித்ததில்லை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள், நச்சினார்க்கினியர் உரை, பிழை மலிந்த ஏட்டுப் பிரதிகள், பழக்கமே இல்லாத சமணக் கோட்பாடுகள். பகலில் கல்லூரி வகுப்பு வேறு. 1887இல்தான் நூல் வெளிவந்தது. ஏழு ஆண்டுகள்.

அந்த ஏழு ஆண்டும் உணர்ச்சிவேகத்திலேயே ஓடியிருக்க முடியுமா? பாடம் பாடமாக, ஏடு ஏடாக ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டே போனார். விளங்காத இடம் வந்தபோது ‘எனக்கு இது தெரியாது’ என்று சொல்லிச் சமணர்களின் வீடு தேடிப் போய்க் கேட்டார். கல்லூரி ஆசிரியர் ஒருவர், வழிபாட்டு முறையாகவே அந்நூலை அறிந்தவர்களிடம் மாணவராக உட்கார்ந்தார். அப்படி அவருக்கு உதவியவர்களில் வீடூர் அப்பாசாமி நயினாரும் ஒருவர். அணைக்கட்டு இருக்கிறதே, நம் மாவட்டத்து வீடூர், அதே ஊர்தான். கேட்பதற்கு ஆள் இருந்ததும், கேட்கக் கூச்சப்படாததும் அந்தப் பதிப்புக்குள் இருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கும் இந்த இரண்டும் வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, இனி நம் பக்கம்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடமிருந்து தொடங்குகிறேன். கல்லூரியில் தேவைப்படும் பழக்கங்களின் வேர் உங்களிடம்தான் இருக்கிறது. மாலை மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு, ‘இன்னைக்கு என்ன கத்துக்கிட்டே? புத்தகத்தைப் பார்க்காம சொல்லு’ என்று கேட்டால், ரோடிகரும் கார்பிக்கும் சொன்னதை நாம் மூன்றாம் வகுப்பிலேயே பழக்கிவிட்டோம். இரண்டு பயிற்சியைக் காட்டி, ‘எதை முதல்ல செய்யறே?’ என்று கேட்டால், தானாகத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் வருகிறது. பிழையாகச் சொன்ன குழந்தையைப் பார்த்து வகுப்பு சிரிக்காமல் பார்த்துக்கொண்டால், பின்னாளில் கல்லூரி வகுப்பில் கை தூக்கிச் சந்தேகம் கேட்கும் ஒரு பிள்ளை உருவாகிறது.

உயர்நிலை, மேல்நிலை ஆசிரியர்களாகிய நாம் பொதுத்தேர்வுக்காகப் பிள்ளையைக் கைபிடித்தே நடத்துகிறோம். காலைச் சிறப்பு வகுப்பு, மாலைச் சிறப்பு வகுப்பு, தினத்தேர்வு. அதில் பயன் உண்டு. ஆனால் ஜூலை மாதம் கல்லூரிக்குப் போனதும் அந்தக் கை சட்டென்று இல்லாமல் போகிறது. பதினோராம் வகுப்பிலேயே பாடத்துக்கு ஓர் அலகை மாணவரே திட்டமிட்டுப் படிக்க விடலாம். பதினோராம் வகுப்பில் அது சரியாக வராவிட்டாலும் இழப்பு பெரிதில்லை. தமிழ்வழி மாணவருக்குக் கலைச்சொற்களை இரு மொழியிலும் கரும்பலகையின் ஓரத்தில் நாளுக்கு ஐந்து எழுதலாம். 200 வேலை நாளில் ஆயிரம் சொல். முதல் செமஸ்டரில் அந்த ஆயிரம் சொல் பெரிய துணை.

அடுத்து, மூத்த மாணவர்களை வகுப்புக்கு அழைத்து வருவது. நாம் பொதுவாக அழைப்பது பெரிய பதவிக்குப் போனவர்களை. அதோடு இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு படிப்பவர்களையும் அழையுங்கள். முதல் செமஸ்டரில் எனக்கும் ஒன்றும் புரியவில்லை, அழுதேன், பிறகு இப்படிச் சமாளித்தேன் என்று அவர்கள் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் வால்டன், கோஹன் என்ற உளவியலாளர்கள் இதைச் செய்து பார்த்தார்கள். ‘நாம் இங்கே பொருந்துவோமா என்ற கவலை எல்லோருக்கும் வருகிறது, நாளடைவில் குறைகிறது’ என்று மூத்த மாணவர்கள் சொன்னவற்றை முதலாண்டு மாணவர்கள் படித்தார்கள். மொத்தம் ஒரு மணி நேரப் பயிற்சி. அடுத்த மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளையின மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது என்று 2011இல் வெளியிட்டார்கள். எல்லா இடத்திலும் அதே அளவு பலன் வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால், ‘எனக்கு மட்டும்தான் இப்படி’ என்ற எண்ணம் ஒரு பிள்ளையை எவ்வளவு தூரம் தள்ளிவிடும் என்பது நமக்கே தெரியும்.

கடைசியாக, நான் கேட்க வந்த ஒன்று. ஏழாவது வாரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு.

உங்கள் பள்ளியிலிருந்து இந்த ஆண்டு 40 பேர் கல்லூரியில் சேர்ந்தார்கள் என்று வையுங்கள். எட்டு ஆசிரியர்கள் ஆளுக்கு ஐந்து பேரை எடுத்துக்கொண்டால் போதும். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம், மொத்தம் அரை மணி நேரம் கூட ஆகாது. ‘நல்லாப் படிக்கிறியா?’ என்று கேட்காதீர்கள். ‘ம், படிக்கிறேன் சார்’ என்று பதில் வரும், பேச்சு முடிந்துவிடும். ‘எந்தப் பாடம் கஷ்டமா இருக்கு? இன்டர்னல்ல எவ்வளவு வந்துச்சு? கடைசியா எந்த வகுப்புக்குப் போகல? மாசப் பணம் வங்கியில வருதா? மதியம் யாரோட சாப்பிடறே?’ என்று கேளுங்கள்.

இந்தக் கடைசிக் கேள்வியை ஒரு மாணவியிடம் கேட்டபோது மறுமுனையில் பேச்சே இல்லை. ‘இயற்பியல் பிடிக்கல சார், நின்னுடலாம்னு இருக்கேன்’ என்று அதுவரை உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்த பெண். கொஞ்ச நேரம் கழித்து, ‘யாரோடயும் இல்ல சார். பஸ் ஸ்டாண்டுல வந்து சாப்பிட்டுக்கிறேன்’ என்றார். பள்ளியில் ஆய்வகத்தை விட்டு வெளியே வர மறுத்த பெண் அவர். அதே கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்த நம் பள்ளியின் அக்கா ஒருவருடைய எண்ணைக் கொடுத்தோம். அந்த அக்கா மறுநாள் மதியம் வகுப்பு வாசலில் போய் நின்றார். ரெக்கார்டு எழுதும் முறையைக் காட்டினார், பழைய வினாத்தாள் கொடுத்தார், சாப்பாட்டுக்குத் தன்னோடு உட்கார வைத்துக்கொண்டார். அந்த மாணவி இப்போது இறுதியாண்டில் இருக்கிறார். ஓர் அரியர் இருக்கிறது, எழுதிவிடுவார். வேறு பெரிதாக நாங்கள் ஒன்றும் செய்யவில்லை.

நான் பி.எட். படித்த காலத்தில் அது ஓராண்டுப் படிப்பு. கற்பித்தல் பயிற்சி, பாடத்திட்ட ஏடு, சார்ட், உளவியல் ரெக்கார்டு என்று எல்லாம் ஒரே மாதத்தில் குவியும். இரவு விளக்கடியில் நான்கு பேர் உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் எழுதித்தான் முடித்தோம். இங்கே இருக்கும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு நான்கு பேர் இருந்திருப்பார்கள். நம் பிள்ளைக்கும் அந்த நான்கு பேர் கிடைக்கும்வரை, இடையில் ஒருவராக நாம் நிற்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எல்லாச் சோர்வும் ஊக்கக் குறைவு ஆகாது. சில பிள்ளைகளுக்குப் பிரச்சினை பணம். சிலருக்கு வீட்டில் பேசத் தொடங்கியிருக்கும் கல்யாணம். சிலருக்கு உடல்நலம், மனநலம். அங்கே ‘முயற்சி செய், முடியும்’ என்று பேசினால் அந்தப் பிள்ளை இன்னும் தனியாகும். பணம் என்றால் உதவித்தொகை விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வங்கிக் கணக்கும் ஆதாரும் இணையாததால் நின்றுபோன தொகையை ஒரு மதிய நேரத்தில் சரி செய்துவிடலாம். கல்யாணப் பேச்சு என்றால் பெற்றோரிடம் போய்ப் பேசுங்கள். ஆசிரியர் வீட்டுக்கு வந்து பேசினால் அதற்கு இந்த ஊர்களில் இன்னும் மதிப்பு இருக்கிறது. தூக்கமில்லை, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற சொற்கள் காதில் விழுந்தால் காத்திருக்க வேண்டாம். உடனே வீட்டாரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். அந்த எண்ணைப் பிள்ளைகள் எல்லோரும் இப்போதே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

கல்லூரிப் பிள்ளைகளே, நாங்கள் அழைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நீங்களே அழைக்கலாம். மதிப்பெண் குறைந்துவிட்டது என்ற வெட்கத்தில் பழைய ஆசிரியரைத் தவிர்க்காதீர்கள். பஸ் நிறுத்தத்தில் எங்களைப் பார்த்ததும் கடைக்குள் ஒதுங்குகிற ஒன்றிரண்டு பேரை எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன். உங்கள் மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்க்க நாங்கள் நிற்கவில்லை. நீங்கள் படிப்பை விடாமல் இருக்கிறீர்களா என்று தெரிந்தால் எங்களுக்குப் போதும்.

ஆசிரிய நண்பர்களே, மதிய உணவுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. எழுந்து போவதற்கு முன், இந்த ஆண்டு உங்கள் பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் போனவர்களில் ஐந்து பேருடைய பெயரை உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள். பக்கத்தில் அவர்கள் வகுப்பு தொடங்கிய தேதியை எழுதுங்கள். அதிலிருந்து ஏழாவது வாரம் எந்தத் தேதியில் வருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் இங்கேயே பின்வரிசையில் இருக்கிறார்கள். எண் மாறியிருந்தால் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கிக்கொள்ளுங்கள்.